கேட்டில் கட்டிய துண்டு

நாங்கள் குடியிருந்த ப்ளாக்கில் ஒரு வழக்கம் இருந்தது. நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்த ஆள் வீட்டில் தூங்குகிறார் என்றால் வாசல் கேட்டில் ஒரு துண்டைக் கட்டிவிடுவோம். யார் ஆரம்பித்த வழக்கம் என்று தெரியாது. நான் கல்யாணம் ஆகித் தென்காசிப் பக்கத்திலிருந்து நெய்வேலிக்கு வந்தபோதே அது இருந்தது. துண்டு தொங்கும் வீட்டு முன்னால் கீரை விற்பவர் குரல் கொடுக்க மாட்டார். பால்காரர் மணி அடிக்க மாட்டார். பந்து விளையாடும் பிள்ளைகள் நாலு வீடு தள்ளிப் போய்விடுவார்கள். வம்பு பேச வரும் பக்கத்து வீட்டுக்காரிகூடத் துண்டைப் பார்த்ததும் திரும்பிவிடுவாள். அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குத் தெரியும்.

வந்த முதல் வாரமே எதிர்வீட்டு சேலத்தம்மா சிவப்புக் கரை போட்ட ஒரு துண்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "உங்க வீட்டுக்காரர் நைட் முடிச்சு வந்ததும் இதைக் கட்டிரு. கட்டிட்டா ஒரு ஈ காக்கா வராது. ஆனா உள்ள நீதான் பாத்துக்கணும்" என்றார். கல்யாணச் சீரில் வந்த பாத்திரங்கள் எல்லாம் பின்னாளில் நசுங்கிப் போய்விட்டன. அந்தத் துண்டு மட்டும் இருந்தது.

என் கணவருக்கு பெல்ட் செக்‌ஷனில் வேலை. வெட்டி எடுக்கிற பழுப்பு நிலக்கரி மைன்ஸிலிருந்து மைல் கணக்கில் பெல்ட்டிலேயே ஓடி வரும். அதன் பக்கத்திலேயே நடந்து, உருளைகள் சரியாகச் சுற்றுகின்றனவா, பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது என்பதால் கையால்தான் பேசிக்கொள்வார்கள். நிறுத்து, ஓட்டு, மெதுவாக, சாப்பிடப் போகிறேன், சூப்பர்வைசர் வருகிறார், எல்லாவற்றுக்கும் ஒரு கை ஜாடை உண்டு. தூக்கம் கெட்ட ஆள் ஓடுகிற பெல்ட் பக்கத்தில் நிற்கக் கூடாது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. மைன்ஸுக்கு ஆள் அனுப்புகிற வீட்டில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அதனால் அவருடைய தூக்கத்துக்கு நான் காவல் இருந்தேன். காலிங் பெல் வயரைப் பிடுங்கிவிட்டேன். குக்கர் விசில் அடிக்கும் என்று அதைப் பரணில் ஏற்றிவிட்டு வடிசோற்றுக்கு மாறினேன். சட்னி அரைக்க வேண்டும் என்றால் மிக்சி ஜாரைத் தூக்கிக்கொண்டு, துண்டு தொங்காத வீடாகப் பார்த்துப் போவேன். ப்ளாக்கில் எல்லாப் பெண்களும் அப்படித்தான். ஒரு வாரம் அவர்கள் வீட்டு மிக்சியில் என் சட்னி, அடுத்த வாரம் என் வீட்டு மிக்சியில் அவர்கள் சட்னி. என் மகள் விழுந்து அடிபட்டால்கூட வாயைப் பொத்திக்கொண்டு அழப் பழகிவிட்டாள். அப்போது அதைச் சமர்த்து என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். இப்போது எழுதும்போது எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது.

ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறும். ஃபர்ஸ்ட் ஷிப்ட் வாரம் என்றால் விடியும் முன் எழுந்து டிபன் கட்ட வேண்டும். செகண்ட் ஷிப்ட் வாரம் என்றால் அவர் வந்து சாப்பிடும்வரை விழித்திருக்க வேண்டும், காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வழக்கம்போல எழ வேண்டும். நைட் வாரம் என்றால் இரவெல்லாம் அவர் வேலையில் இருக்கிறார் என்ற நினைப்பில் அரைத்தூக்கம், பகலெல்லாம் அவர் தூங்குகிறார் என்று காவல். அவருக்கு வாரத்துக்கு ஒரு ஷிப்ட், வாரத்தில் ஒரு நாள் ஆஃப். எனக்கு மூன்று ஷிப்டும் சேர்ந்தே ஓடியது. இதை அப்போது கஷ்டம் என்று நினைக்கவில்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் கர்வமாகவே இருந்தேன். தூக்கக் கலக்கத்தோடு ஒரு நாளும் அவரை நான் மைன்ஸுக்கு அனுப்பியதில்லை.

வயசுப் பிள்ளையாக இருக்கும்போது உடம்பு எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்ளும். நாற்பத்தைந்து தாண்டியதும் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தது. முதலில் முட்டி. பிறகு உடம்பில் திடீர் திடீரென்று ஒரு சூடு ஏறி, ரவிக்கை நனையும் அளவுக்கு வேர்த்துக் கொட்டும். நெய்வேலி வெயிலைத் திட்டிக்கொண்டே ஒரு வருஷம் ஓட்டினேன். மார்கழியிலும் வேர்த்தபோதுதான் இது வெயில் இல்லை என்று புரிந்தது. அது போனதும் சர்க்கரை வந்தது. அதற்குள் எங்கள் ப்ளாக்கில் பாதிப் பேருக்கு வந்துவிட்டிருந்தது. மார்க்கெட்டில் பார்த்தால் "என்ன சமையல்?" என்று கேட்ட காலம் போய், "சுகர் எவ்வளவு?" என்று கேட்கும் காலம் வந்தது. ஒருத்தி வெறும் வயிற்றில் இருநூறு என்றால் அடுத்தவள் சும்மா விடுவாளா? அவளுடையது எப்படியும் இருநூற்றைம்பதுக்குக் குறையாது.

மனசும் மாறியது. அதில் சிலது நல்லதாகவே மாறியது என்று சொல்ல வேண்டும். முப்பது வயதில் நாத்தனார் ஒரு வார்த்தை சொன்னால் அதை ஒரு மாசம் வைத்துப் புழுங்குவேன். ஐம்பதுக்கு மேல் அதே நாத்தனார் அதே வார்த்தையைச் சொன்னார். சாயங்காலத்துக்குள் மறந்துபோய் அவருக்கே போன் போட்டு மாவடு எப்படிப் போடுவது என்று கேட்டேன். யாருக்காவது பயந்துகொண்டு இருந்த பழக்கம் எப்போது விட்டுப்போனது என்றே தெரியவில்லை. அதற்குப் பதிலாக அழுகை சுலபமாக வந்தது. டிவியில் எண்ணெய் விளம்பரத்தில் ஒரு பெண் அம்மா வீட்டுக்கு வருவாள், இங்கே என் கண் நிறையும். என் கணவர் எண்ணெயையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பார்.

அவருக்குக் காது போயிற்று. பெல்ட் பக்கத்தில் முப்பத்தைந்து வருஷம் நின்ற காது வேறென்ன செய்யும்? காது மந்தமானவர்கள் சத்தமாகப் பேசுவார்கள் அல்லவா? அவர் ரகசியம் சொன்னால் மூன்று வீட்டுக்குக் கேட்கும். "வெளிய சொல்லாதே" என்பதையே தெருவுக்குக் கேட்கும்படி சொல்லுவார்.

அவர் ரிட்டயர் ஆன அன்று மாலை போட்டார்கள், பேசினார்கள், வேனில் கொண்டுவந்து வீட்டில் விட்டார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, பண்ருட்டி ரோட்டில் முத்தாண்டிக்குப்பத்துக்குக் கொஞ்சம் இப்பால் நாங்கள் கட்டியிருந்த சின்ன வீட்டுக்கு வந்தோம். பின்னால் இரண்டு முந்திரி மரம், ஒரு பலா. சேலத்தம்மா கொடுத்த துண்டு நைந்துபோயிருந்தது, ஜன்னல் துடைக்கட்டும் என்று எடுத்து வந்திருந்தேன்.

புது வீட்டில் அவர் இரவு சாப்பிட்டதும் படுத்தார், விடிந்ததும் எழுந்தார். அடுத்த நாளும் அப்படியே. அத்தனை வருஷத்து ஷிப்டை அவர் உடம்பு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவது மாதிரி மாட்டிவிட்டது. கும்பகர்ணன் தோற்றான். எனக்கோ அப்படி ஆகவில்லை. ஃபர்ஸ்ட் ஷிப்டுக்கு டிபன் கட்டும் நேரத்துக்கு விழிப்பு வந்தது. செகண்ட் ஷிப்ட் முடிந்து வரும் நேரத்துக்கும் விழிப்பு வந்தது. பகலில் யாராவது சத்தமாகப் பேசினால் உடம்பு பதறியது. அவருக்கு ரிட்டயர்மென்ட் ஆர்டர் வந்தது, எனக்கு யாரும் ஆர்டர் போடவில்லை.

இதை நான் ஒரு குறையாக எண்ணவே இல்லை. வயசானால் தூக்கம் குறையும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். தவிர, துண்டு துண்டான தூக்கம் எனக்குப் புதுசா என்ன? எழுந்துவிட்டால் வேலை பார்ப்பேன். பருப்பில் கல் பொறுக்குவேன், புளி ஆய்ந்து வைப்பேன். எங்கள் வீட்டுப் புளியில் ஒரு கொட்டை இருக்காது.

பிறகு மறதி ஆரம்பித்தது. முதலில் எல்லாருக்கும் வருகிற மறதிதான். சாம்பாரில் இரண்டு தடவை உப்பு. ஃப்ரிட்ஜைத் திறந்துவிட்டு எதற்குத் திறந்தோம் என்று நிற்பது. பிறகு அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போய், பாத்திரம் தீய்ந்த வாசனை கொல்லைவரை வந்த பிறகும் அது நம் வீட்டு வாசனை என்று தோன்றாமல் நின்றேன். அந்தப் பாத்திரத்தைத் தேய்க்காமல் நேராகப் பழைய இரும்புக்காரரிடம் போட்டேன். என் கணவர் கேட்டபோது, "எந்தப் பாத்திரம்? நீங்கதான் எங்கயாவது வெச்சிருப்பீங்க" என்று அவர் தலையிலேயே கட்டினேன். அந்த ஒரு மாதம் அவர் மூக்குக் கண்ணாடியைத் தொலைத்ததற்கும் சாவியைத் தொலைத்ததற்கும் நான் போட்ட சத்தத்துக்கு அளவில்லை. எங்கள் இரண்டு பேரில் மறதி அவருக்குத்தான் என்று நிலைநாட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி.

அதற்குக் காரணம் இருந்தது. என் அக்கா. எனக்கு எட்டு வயது மூத்தவள். எனக்குத் தலை பின்னிவிட்டவள், சைக்கிள் கற்றுத் தந்தவள், ஊரில் எந்த வீட்டில் யாருக்கு என்ன உறவு என்று தலைகீழாகச் சொல்லக்கூடியவள். அவளுக்கும் இப்படித்தான் உப்பில் ஆரம்பித்தது. கடைசியாக நான் போனபோது என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, கையைத் தடவிக்கொடுத்து, "யாரு வீட்டுப் பிள்ள நீ? சாப்ட்டியா?" என்று கேட்டாள். மரியாதையாக, அன்பாகக் கேட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

அந்த முகம் எனக்கும் வந்துவிடும் என்று பயந்தேன். வேறெதற்கும் நான் இவ்வளவு பயந்ததில்லை. முட்டி போனால் கம்பு ஊன்றலாம். காது போனால் மெஷின் வைக்கலாம். என் மகள் ஊரிலிருந்து வரும்போது நான் அவள் கையைத் தடவிக்கொடுத்து யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டால் அவள் என்ன செய்வாள்? இதை யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு நானே பரீட்சை வைத்துக்கொண்டேன். காய் நறுக்கும்போது எங்கள் பழைய ப்ளாக்கில் முனை வீட்டிலிருந்து வரிசையாக யார் யார் குடியிருந்தார்கள் என்று மனசுக்குள் சொல்லிப் பார்ப்பேன். சொல்ல முடிந்த நாள் நல்ல நாள். நடுவில் ஒரு வீடு விட்டுப்போனால் அன்றைக்குச் சோறு இறங்காது.

ஒரு நாள் மகளுக்குக் கொடுத்தனுப்ப முந்திரிப் பருப்பு வாங்கப் பண்ருட்டிக்குப் போனேன். எத்தனையோ தடவை போன ஊர்தான். பருப்பு வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, நின்ற பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தேன். காற்று பட்டதும் கண் சொருகிவிட்டது. கண்டக்டர் தோளைத் தட்டி டிக்கெட் கேட்டபோது முத்தாண்டிக்குப்பம் என்றேன்.

"இது கடலூர் வண்டிம்மா. முத்தாண்டிக்குப்பம் அந்தாண்ட இருக்குது. போர்டு பாத்து ஏறக் கூடாதுங்களா?"

மேல்பட்டாம்பாக்கத்தில் இறக்கிவிட்டார். பஸ் போய்விட்டது. எதிர்ப்பக்கம் போய் நின்றால் பண்ருட்டிக்குத் திரும்ப வண்டி வரும். இவ்வளவுதான் விஷயம். யாருக்கும் நடக்கக்கூடியது. ஆனால் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. எப்படி இந்தப் பஸ்ஸில் ஏறினேன் என்று யோசித்தால் ஏறியதே ஞாபகத்தில் தெளிவாக இல்லை. சரி, அக்காவின் நாள் எனக்கும் வந்துவிட்டது என்று முடிவு செய்துவிட்டேன். அங்கே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, பருப்புப் பையை மடியில் வைத்துக்கொண்டு அவருக்கு போன் செய்தேன்.

"அங்கயே உக்காரு. எங்கயும் நகராத" என்று அவர் கத்தியதில் பக்கத்தில் நின்ற ஆளே நகராமல் நின்றுவிட்டார்.

ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். வந்ததும் திட்டுவார் என்று நினைத்தேன். எதிர்க்கடையில் டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீயைக் குடிப்பதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உப்பு, பால் பாத்திரம், பழைய இரும்புக்காரர், அக்கா. "நானும் எங்க அக்கா மாதிரி ஆயிருவேன் போல இருக்குங்க. உங்களையே யாருன்னு கேப்பேன்" என்று சொல்லி, ரோடு என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். அவர் டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து, "வண்டில ஏறு. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றார்.  அவருக்கும் பயம்தான் என்பது வண்டி போன மெதுவிலேயே தெரிந்தது.

டவுன்ஷிப் ஆஸ்பத்திரிக்கு நான் சர்க்கரைக்காகவும் முட்டிக்காகவும் வருஷக்கணக்காகப் போய்க்கொண்டிருந்தவள்தான். ஆனால் எப்போதும் தனியாக உள்ளே போவேன், அவர் வெளியே பெஞ்சில் பழைய கூட்டாளிகளோடு உரக்கப் பேசிக்கொண்டிருப்பார். அன்றைக்கு அவரும் உள்ளே வந்தார். என் மகளைவிடச் சின்ன வயது டாக்டரம்மா. நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். இன்று என்ன கிழமை, என்ன மாதம் என்று கேட்டார். மூன்று சாமான்களின் பெயரைச் சொல்லி, வேறு ஏதோ பேசிவிட்டு, திரும்பச் சொல்லச் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். கடிகாரம் வரையச் சொன்னார். கணக்கில் ஒரு இடத்தில் தடுமாறினேன். மற்றதெல்லாம் சொல்லிவிட்டேன். என் கணவர் பக்கத்தில் உதட்டை அசைத்து அவரும் கழித்துக்கொண்டிருந்தார். அவர் என்னைவிடப் பின்தங்கிவிட்டார் என்பது எனக்கு அந்த நிலையிலும் ஆறுதலாக இருந்தது.

"ஞாபகம் பயப்படுற மாதிரி இல்லம்மா" என்றார் டாக்டரம்மா. "தூக்கம்லாம் எப்படி இருக்கு?"

"அதுல ஒண்ணும் குறையில்லங்க டாக்டர். நல்லா தூங்குறாரு. படுத்தா காலைலதான் எந்திரிக்கிறாரு. குறட்டைதான் கொஞ்சம் ஜாஸ்தி."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். என் கணவரும் திரும்பிப் பார்த்தார். நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்கு விளங்கவில்லை. இதே கேள்வியை இதே ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் இதே பதிலைத்தான் சொல்லியிருக்கிறேன். வெளியே நீளமாக வரிசை நிற்கும், கேட்பவரும் சரி என்று அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

"உன்னக் கேக்குறாங்க" என்றார் அவர்.

"என்னது?"

"உன் தூக்கத்தக் கேக்குறாங்க. நீ எப்ப தூங்குற?"

 எங்கள் பழைய ப்ளாக்கில் இருபது வீட்டுக்காரர்களின் பெயரை வரிசையாகச் சொல்லத் தெரிந்த எனக்கு, நான் எப்போது தூங்குகிறேன் என்று சொல்லத் தெரியவில்லை. மறந்துபோய் இல்லை. அப்படி ஒரு கேள்வியை நான் யோசித்ததே இல்லை. எங்கள் வீட்டில் தூக்கம் என்றால் அவருடைய தூக்கம். அவருக்குத் தெரிந்திருக்குமோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன்.

அவர் டாக்டரம்மாவைப் பார்த்தார். "எனக்குத் தெரியாதுங்க டாக்டர்" என்றார். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இவ தூங்கி நான் பாத்ததில்ல. நான் கண்ண மூடுறப்ப முழிச்சிருப்பா, தொறக்கறப்பவும் முழிச்சிருப்பா."

அவர் குரல்தான் தெரியுமே. வெளியே வரிசையில் நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

டாக்டரம்மா ஒவ்வொன்றாகக் கேட்டு, நான் தட்டுத்தடுமாறிச் சொல்லி, என் தூக்கத்தைக் கூட்டிப் பார்த்தால் அது ஒரு குழந்தையின் பகல் தூக்கத்துக்குக்கூடக் காணாது. இரத்தப் பரிசோதனைகள் எழுதிக் கொடுத்தார். வயசானால் தூக்கம் லேசாகத்தான் ஆகும், ஆனால் இப்படிக் கந்தலாகக் கூடாது, தூங்காத மூளை மறக்கத்தான் செய்யும் என்றார். இதனால்தான் மறதி என்று இன்றைக்கே சத்தியம் செய்ய முடியாது, முதலில் தூக்கத்தைச் சரி செய்துவிட்டு மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம் என்றார். மத்தியானத்துக்கு மேல் காபி கூடாது. விழிப்பு வந்தால் புளி ஆயக் கூடாது. மாத்திரை வேண்டாம், இப்போதைக்கு.

வெளியே வந்தபோது வரிசையில் நின்ற முன்பின் தெரியாத ஒரு அம்மா என் முழங்கையைத் தொட்டார். "எங்கூட்டு ஆளுக்கும் தெரியாதுக்கா" என்றார். அவ்வளவுதான். அவருடைய டோக்கனைக் கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து என் கணவர் நெடுநேரம் முந்திரி மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். எனக்குக் கோபம் வந்தது. அவர் மேலா, என் மேலா என்று பிரித்துச் சொல்ல முடியாத கோபம். இத்தனை வருஷம் கேட்காத மனுஷன் இன்றைக்குச் சோகமாக உட்கார்ந்தால் காபி கொண்டுபோய்க் கொடுப்பதும் நான்தானே என்று தோன்றியது. கொடுக்கவில்லை. அவரே எழுந்து வந்து போட்டுக்கொண்டார். போடும்போது மூன்று டப்பாவைக் கீழே தள்ளினார்.

தூக்கம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. படுத்தால் காது தானாக வாசலுக்குப் போய்விடும். பழகிய காவலை விடுவது காவலுக்குப் போவதைவிடக் கஷ்டமாக இருந்தது. அவர் எனக்காகச் சத்தம் போடாமல் இருக்கப் பாடுபட்டார். அதைப் பார்த்தால் சிரிப்பு வரும். காது கேட்காதவருக்குத் தான் போடுகிற சத்தம் எப்படித் தெரியும்? பூனை மாதிரி நடப்பதாக நினைத்துக்கொண்டு கதவில் இடித்துக்கொள்வார். டிவியை அணைத்துவிட்டு, அணைத்துவிட்டேன் என்று கத்திச் சொல்வார். ஆனாலும் விழிப்பு வந்தால் எழாமல் படுத்திருக்கப் பழகினேன். கொஞ்சம் கொஞ்சமாக, கந்தல் துணியில் ஒட்டுப் போட்டது மாதிரி, ஒரு துண்டுத் தூக்கம் அடுத்த துண்டோடு சேர ஆரம்பித்தது.

பிறகு ஒரு நாள் காலை. கண் விழித்தபோது சுவரில் வெயில் அடித்திருந்தது. கல்யாணமாகி வந்த பிறகு அந்த நேரத்து வெயிலைப் படுக்கையிலிருந்து நான் பார்த்ததில்லை, காய்ச்சல் வந்த நாட்களைத் தவிர. அதனால் முதலில் எனக்குக் காய்ச்சலோ என்றுதான் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். வீட்டில் ஒரு சத்தம் இல்லை. வாசலில் மட்டும் ஒரு பெண் குரல். ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

கேட்டில் சேலத்தம்மாவின் துண்டு கட்டியிருந்தது. ஜன்னல் துடைத்த அழுக்கை என் கணவரே துவைத்திருந்தார். அவருக்குத் துவைக்க வராது என்பதும் தெரிந்தது, கரைச் சாயம் பாதி இறங்கியிருந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் கீரைக்கூடையோடு பக்கத்து ஊர்க்காரம்மா. இந்தப் பக்கம் என் கணவர், ஓடுகிற பெல்ட்டின் பக்கத்தில் நிற்பவர் போல, மெதுவாக என்று உள்ளங்கையைக் கீழே அமுக்கி அமுக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தம்மாவுக்கு மைன்ஸ் ஜாடை எப்படிப் புரியும்?

"என்னாங்க பெரியவரே, கேட்டுல துண்டு தொங்கிக்கினு இருக்குது? கையி வேற இப்பிடி இப்பிடி காட்டிக்கினு நிக்கிறீங்க?"

"சத்தம் போடாதம்மா. உள்ள தூங்குறாங்க" என்று அவர் ரகசியம் சொன்னார். ரோட்டில் போன சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்தார்.

"யாருங்க? ஊர்லேர்ந்து மவ வந்திருக்குதுங்களா?"

"இல்ல. எங்க வீட்டம்மா."

"ஐயய்ய, ஒடம்பு சரியில்லீங்களா?"

"ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. தூங்குறாங்க."

அந்தம்மா ஒரு நிமிஷம் துண்டைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார். "இந்நேரத்துலயா?" என்றார், குரலைத் தானாகவே தாழ்த்திக்கொண்டு.

"ஆமா. இந்நேரத்துலதான்."

 கதவைத் திறந்துகொண்டு போய் நிற்க வேண்டும் என்று இருந்தது. அதற்குள் அவர் ஒரு கீரைக்கட்டைக் கையில் எடுத்துவிட்டார். தண்டை ஒடித்துப் பார்த்து வாங்க அவருக்கு இன்றுவரை தெரியாது, முற்றின கட்டாகப் பார்த்துத்தான் எடுத்திருப்பார். எடுக்கட்டும் என்று ஜன்னலைச் சாத்திவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டேன்.